கெய்ரோவைக் கட்டிய அந்நியர்கள்

1910-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்துக்கு வயது இரண்டு. இஸ்லாமிய வரலாறு கற்பிக்க ஆள் தேடிய அதன் நிர்வாகம் ஜுர்ஜி ஸைதானை அழைத்தது. அவரைவிடப் பொருத்தமானவரை அன்றைய கெய்ரோவில் தேடிப்பிடிப்பது கடினம். இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதி முடித்திருந்தார். 1892-இல் அவர் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ இதழ் அரபு படிக்கத் தெரிந்த ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் பெய்ரூட்டில் பிறந்த கிறித்தவர். இஸ்லாத்தின் வரலாற்றை ஒரு கிறித்தவர் எப்படிக் கற்பிக்கலாம் என்று எதிர்ப்பு கிளம்பியது. வகுப்பு தொடங்குமுன்பே நியமனம் திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து ஸைதான் இறந்துபோனார்.

பல்கலைக்கழகம் கதவைச் சாத்தினாலும், அவர் கற்பிக்க நினைத்த வரலாறு ஏற்கெனவே வீடுகளுக்குள் போயிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வரலாற்று நாவல்களை அவர் எழுதினார். 1891-இல் வந்த முதல் நாவலின் நாயகன் ஓடி ஒளியும் ஒரு மம்லூக், அதாவது அடிமைப் படைவீரர் மரபைச் சேர்ந்தவன். பிறகு அஹ்மத் இப்னு தூலூன் பற்றி ஒன்று, ஃபாத்திமியர்கள் எகிப்தைப் பிடித்தது பற்றி ஒன்று, ஸலாஹுத்தீன் பற்றி ஒன்று, ஷஜருத் துர் அரசி பற்றி ஒன்று. ஸைதானின் இன்னொரு பக்கம் இன்று பலருக்கு மறந்துபோயிற்று. அவர் மொழியியலர். 1886-இலேயே அரபுச் சொற்களின் தோற்றத்தையும் மொழியின் தத்துவத்தையும் பற்றி நூல் எழுதினார். 1904-இல் அரபு மொழியை, பிறந்து வளர்ந்து மாறும் உயிராகக் கொண்டு அதன் வரலாற்றை எழுதினார். மொழி மாறக்கூடியது என்ற எண்ணமே பலருக்கு அச்சம் தந்த காலம் அது.

அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்தபின், அவர் நடந்த அதே பாதையில் ஒரு பெண் நடக்கிறார். அவரும் மொழியியலர், அவரும் வரலாற்று நாவலாசிரியர். அவர் தேர்ந்த காலங்களும் இப்னு தூலூன், ஃபாத்திமியர், மம்லூக்குகள். ஸைதானுக்கு மறுக்கப்பட்ட பேராசிரியர் இருக்கை மட்டும் இவருக்குக் கிடைத்திருக்கிறது. ரீம் பஸ்யூனியைப் பற்றி எழுத வரும் எவரும் அவர் பெற்ற பரிசுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய இரண்டு தொழில்களும் கேட்கும் ஒரே கேள்வி. எகிப்தியர் என்பவர் யார், எந்தப் பேச்சினால், எத்தனை காலத்தில் ஒருவர் அப்படி ஆகிறார்? வகுப்பறையில் அவர் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. நாவலில் அதே கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறார்.

1973-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர் பஸ்யூனி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் யூட்டா, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகங்களில் கற்பித்துவிட்டுக் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இப்போது அங்கே சமூக மொழியியல் பேராசிரியர்.

அவருடைய முதல் ஆய்வு நூல் 2006-இல் வந்தது. மசூதிப் பிரசங்கம், அரசியல் மேடை, கல்லூரி விரிவுரை ஆகிய மூன்று இடங்களில், குறுக்கிட யாருமின்றி ஒருவரே நின்று பேசும்போது எகிப்தியர்கள் ஃபுஸ்ஹாவிலிருந்து அம்மியாவுக்கும் அங்கிருந்து திரும்பவும் எப்போது தாவுகிறார்கள், ஏன் தாவுகிறார்கள் என்பதே அதன் பொருள். ஃபுஸ்ஹா குர்ஆனோடும் எழுத்தோடும் பிணைந்த செவ்வழக்கு. அம்மியா வீட்டிலும் தெருவிலும் பேசுவது. இந்த இரட்டை நிலையைப் பற்றி அமெரிக்க மொழியியலர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அவர் எடுத்துக்கொண்ட முதன்மை எடுத்துக்காட்டுகளில் அரபு ஒன்று. பின்வந்தவர்கள் தமிழையும் இதே வகையில் வைத்து ஆராய்ந்திருப்பதால் நம் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வளர்ந்தவர்கள் நாம்.

ஃபெர்குசனின் கோடு மிகவும் நேரானது. ஒரு பக்கம் உயர்வழக்கு, மறுபக்கம் தாழ்வழக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். எகிப்தியர்கள் உண்மையில் அப்படிப் பேசுவதில்லை. 1973-இல் எகிப்திய அறிஞர் அஸ்ஸயீத் பதவி தம் நாட்டு அரபை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். மரபு ஃபுஸ்ஹா, இக்கால ஃபுஸ்ஹா, படித்தவர் அம்மியா என்று தொடங்கி எழுத்தறியாதவர் பேச்சு வரை போகும் படிகள் அவை. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று படி ஏறி இரண்டு படி இறங்குபவர்கள் உண்டு. கெய்ரோ வானொலியை ஒரு மணி நேரம் கேட்டவருக்கு இது புரிந்துவிடும். பஸ்யூனி வேலையைத் தொடங்கியது இங்கேதான். எந்தப் படியில் நிற்கிறார் என்பதைவிட, படி மாறும் அந்த நொடியில் பேசுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார். 1956 ஜூலையில் அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி எகிப்திய அதிபர் நாசர் பேசியபோது, கதை சொல்லும் இடங்களில் தெருப் பேச்சுக்கு இறங்கினார். கூட்டம் சிரித்தது, ஆர்ப்பரித்தது. அவர் பேச்சில் ‘நாம்’ என்பது பிறந்தது அந்த இறக்கத்தில்.

இது இலக்கணப் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்கள் எகிப்தின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பார்க்கட்டும். 1893-இல் பிரிட்டிஷ் பாசனப் பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் கெய்ரோவில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எகிப்தியரிடம் புதியன படைக்கும் திறன் குன்றியதற்கு ஃபுஸ்ஹாதான் காரணம், பேச்சு மொழியிலேயே எழுதுங்கள் என்றார். 1901-இல் பிரிட்டிஷ் நீதிபதி செல்டன் வில்மோர் கெய்ரோப் பேச்சுக்கு இலக்கணம் எழுதி, அதை லத்தீன் எழுத்தில் எழுதலாம் என்றார். இருவரும் எகிப்தை ஆக்கிரமித்திருந்த நாட்டைச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து அம்மியாவுக்காகப் பேசும் எகிப்தியர் எவரும் தாம் அந்நியரின் கையாள் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. எகிப்தியப் பண்பாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு நல்ல கேள்விக்கு நேர்ந்ததில்லை என்றே நினைக்கிறேன். கேட்டவன் யார் என்பதால் கேள்வி களங்கப்பட்டது.

நாவலாசிரியர்கள் இந்தக் களங்கத்தோடுதான் எழுதினார்கள். 1913-இல் முஹம்மத் ஹுசைன் ஹைகல் ‘ஸைனப்’ நாவலை வெளியிட்டபோது உரையாடலை விவசாயிகளின் பேச்சில் எழுதினார். அட்டையில் தம் பெயரைப் போடவில்லை, ‘எகிப்திய விவசாயி’ என்று போட்டார். வழக்கறிஞருக்கு நாவல் எழுதுவது கௌரவக் குறைவு என்பது அன்றைய நிலை. தாஹா ஹுசைன் கடைசிவரை அம்மியாவை இலக்கிய மொழியாக ஏற்கவில்லை. நஜீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவின் சந்துகளை எழுதி நோபல் வாங்கினார், ஆனால் அந்தச் சந்துகளின் மனிதர்கள் அவர் பக்கங்களில் ஃபுஸ்ஹாவில் பேசினார்கள். ஆங்கிலப் பேராசிரியர் முஸ்தஃபா முஷர்ரஃபா ஒரு நாவலை முழுக்க அம்மியாவில் எழுதிப் பார்த்தார்.

லூயிஸ் அவத்தின் கதை வலி தருவது. கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர், நாவலும் எழுதியவர். கேம்பிரிட்ஜில் படித்த நாள்களின் நினைவுகளை அம்மியாவிலேயே எழுதினார். 1954-இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார், 1959-இல் சிறை சென்றார். முதுமையில், 1980-இல், அரபு மொழியின் வேர்களைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அரபுக்கும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவு உண்டு என்று அதில் வாதிட்டார். அந்த வாதத்தின் பெரும்பகுதி மொழியியலர்களிடம் நிற்காது. ஆனால் அதை மறுத்தது மொழியியலர்கள் இல்லை. கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விக்கூடமான அல்-அஸ்ஹரின் எதிர்ப்பால் நூல் தடுக்கப்பட்டது. எகிப்தில் மொழியின் பிறப்பைப் பற்றிப் பேசுவது எத்தகைய நெருப்பு என்பதற்கு 1981-இன் அந்தத் தடை சாட்சி.

பஸ்யூனி நாவல் எழுதத் தொடங்கியபோது இந்தச் சுமையெல்லாம் பின்னால் இருந்தது. தொடக்க நாவல்கள் சமகாலத்தவை. ‘பிஸ்தா விற்பவன்’ நாவலில் ஓர் எகிப்தியப் பெண், இங்கிலாந்தில் வளர்ந்த உறவினனைக் காதலிக்கிறாள். ‘டாக்டர் ஹனா’ நாற்பது வயதான, மணமாகாத பல்கலைக்கழகப் பேராசிரியையின் கதை. எகிப்தியக் கல்லூரித் துறைகளின் சிறு அதிகாரப் போர்களை அதில் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். அதற்கு இளம் எழுத்தாளருக்கான சவிரிஸ் பரிசு கிடைத்தது. நல்ல நாவல்கள்தாம். ஆனால் அவர் அந்த வழியிலேயே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது.

2011 வந்தது. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஆட்சியை எதிர்த்து லட்சக்கணக்கானோர் கூடியிருந்த நாள்களில், அரசுத் தரப்புத் தொலைக்காட்சியில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. சதுக்கத்தில் இருப்பவர்கள் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள், ஆகவே அவர்கள் உண்மையான எகிப்தியர்கள் அல்லர் என்பது அது. பஸ்யூனி இதை எடுத்துக்கொண்டு 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு மனிதனின் குடியுரிமையைப் பறிக்க அவன் எந்த மொழியில் வாய் திறந்தான் என்பது போதுமானதாகிவிட்டது என்பதை அது காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், தற்கால எகிப்தில் மொழியும் அடையாளமும் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். பாட்டு, சினிமா, நாவல், பத்திரிகை என்று எல்லாவற்றையும் அதில் அலசினார். எகிப்தியர் தம்மை எகிப்தியர் என்று சொல்லும்போது எதையெல்லாம் துணைக்கு அழைக்கிறார்கள் என்று அவர் தேடியதில், இரத்தம், மதம், மொழி ஆகியவற்றோடு பகிர்ந்துகொண்ட வரலாறும் முன்னால் வந்து நின்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-இல், அவர் மம்லூக்குகளைப் பற்றிய முந்நாவலோடு வந்தார். விமர்சகர் பலர் இதைத் திசைமாற்றம் என்றார்கள். ஆய்வு நூலைப் படித்தவருக்கு அப்படித் தோன்றாது. பகிர்ந்துகொண்ட வரலாறு என்ற அந்தப் பொதுச்சொத்து யாரால் யாருக்குச் சேர்க்கப்பட்டது என்று கேட்டால், பதில் மம்லூக்குகளிடம் போய்த்தான் நிற்கும்.

மம்லூக் முறை உலக வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்தும் பின்னர் காக்கசஸ் மலைகளிலிருந்தும் சிறுவர்களை விலைக்கு வாங்குவார்கள். கெய்ரோவில் இஸ்லாமும் குதிரையேற்றமும் வாள்வீச்சும் கற்பித்து, பின் விடுதலை செய்வார்கள். அந்த அடிமைகளே தளபதிகளாகவும் சுல்தான்களாகவும் ஆனார்கள். 1250-இலிருந்து 1517 வரை எகிப்தை ஆண்டவர்கள் இவர்கள். தங்களுக்குள் துருக்கி வழக்கில் பேசினார்கள். ஆளப்பட்டவர்களோ அரபு பேசினார்கள். அதைவிட விந்தை, பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகக்கூடாது என்பது விதி. சுல்தான்கள் அந்த விதியை அடிக்கடி மீறினார்கள், ஆனால் தளபதிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது பொருந்தியது. கெய்ரோவில் பிறந்து, சுதந்திரனாகவும் முஸ்லிமாகவும் வளர்ந்த மகன் தந்தையின் படையில் மேல்நிலைக்கு வர இயலாது. அந்தப் பிள்ளைகளுக்கு அவ்லாதுன் நாஸ் என்று பெயர், மேன்மக்களின் பிள்ளைகள் என்று கொள்ளலாம். பஸ்யூனியின் முந்நாவலுக்கும் அதுவே தலைப்பு.

வாள் மறுக்கப்பட்ட இந்தப் பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள். மம்லூக் காலத்தை நமக்குச் சொன்ன வரலாற்றாசிரியர்களில் இப்னு தக்ரிபிர்தி ஒரு பெரிய தளபதியின் மகன். வீட்டுத் துருக்கியும் ஊர் அரபும் இரண்டும் அவருக்குத் தெரியும். உஸ்மானியர் 1517-இல் கெய்ரோவைப் பிடித்ததையும், கடைசி சுல்தான் தூமான் பே ஸுவைலா வாயிலில் தூக்கிலிடப்பட்டதையும், கைவினைஞர்கள் கப்பலேற்றி இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டதையும் கண்ணால் கண்டு எழுதிய இப்னு இயாஸும் இந்த வம்சத்தவர்தான். அவருடைய குறிப்புகளில் ஃபுஸ்ஹாவின் இலக்கணம் அடிக்கடி தளர்ந்து கெய்ரோப் பேச்சு எட்டிப் பார்க்கிறது. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் அதைப் பிழை என்றார்கள். எனக்கு அது மூன்று தலைமுறையில் ஓர் அந்நியக் குடும்பம் உள்ளூர்க் குடும்பமான கதையின் ஒலிப்பதிவு. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, துனிஸிலிருந்து 1382-இல் எகிப்துக்கு வந்து நீதிபதியாக இருந்த இப்னு கல்தூன், நகரத்து மக்களின் பேச்சு கெட்டுப்போன அரபு மட்டும் இல்லை, தனக்கென ஒழுங்குடைய ஒரு மொழி என்று எழுதியிருந்தார். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள அரபு உலகத்துக்கு ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

பஸ்யூனியின் முந்நாவலில் சுல்தான் ஹசன் மசூதி ஒரு பாத்திரத்துக்குரிய இடத்தைப் பெறுகிறது. கருஞ்சாவு 1348-இல் நகரத்தைச் சூறையாடிய சில ஆண்டுகளில், 1356-இல், அந்தப் பிரம்மாண்டமான கட்டடம் தொடங்கப்பட்டது. 1361-இல் ஒரு மினாரா சரிந்து பல உயிர்கள் போயின. அதே ஆண்டு சுல்தானும் கொல்லப்பட்டார். கட்டியவர் யாரென்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1944-இல் ஹசன் அப்துல் வஹ்ஹாப் என்ற எகிப்திய ஆய்வாளர் உள்ளே ஒரு கல்வெட்டைப் படித்து அந்தப் பெயரை மீட்டார். முஹம்மத் இப்னு பீலிக் அல்-முஹ்ஸினி. பெயரின் முதல் பாதி அரபு, தந்தையின் பெயர் துருக்கி. அந்தப் பெயருக்கு ஒரு தாயையும் ஒரு வீட்டையும் கற்பனை செய்து தருவதுதான் நாவலின் முதல் பாகம். எகிப்திய வணிகர் ஒருவரின் மகள் ஸைனப் ஒரு மம்லூக் தளபதிக்கு விருப்பமின்றி மணமுடிக்கப்படுகிறாள். அவளுக்கு அவன் கொள்ளைக்காரன், அவனுக்கு அவள் பணிய மறுக்கும் ஊர்க்காரி. இருவரும் மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் மனிதர்களாகிறார்கள்.

இங்கே ஸைதானோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஸைதானின் காதலர்கள் வரலாற்றின் ஓரத்தில் நின்று போரையும் சதியையும் பார்ப்பவர்கள். கடைசியில் வரலாறு அவர்களைச் சேர்த்துவைக்கும், அவர்கள் வரலாற்றை மாற்றுவதில்லை. பஸ்யூனியின் மணவாழ்க்கைகளுக்குள் ஆண்டவனும் ஆளப்பட்டவளும் ஒரே கூரையின்கீழ் தினமும் பேசியாக வேண்டியிருக்கிறது. யார் யாருடைய மொழிக்கு வருகிறார்கள், பிள்ளை எந்த மொழியில் அழுகிறது என்பது அங்கே அரசியல். மொழித் தொடர்பையும் மொழி இழப்பையும் வாழ்நாளெல்லாம் படித்த ஒருவருக்குத்தான் வீட்டுக்குள் நடக்கும் இந்த மாற்றம் பேரரசின் மாற்றத்தைவிட நிலையானது என்று தெரியும். சுல்தான்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய துருக்கி போய்விட்டது, பேரப்பிள்ளைகளின் கெய்ரோ அரபு இருக்கிறது.

இரண்டாவது முந்நாவல் 2021-இல் வந்த ‘அல்-கதாயிஃ’. புகாராவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு துருக்கி அடிமையின் மகன் அஹ்மத் இப்னு தூலூன். 868-இல் அப்பாசிய கலீஃபாவின் சார்பில் எகிப்துக்கு வந்து, விரைவிலேயே தனியரசனாக ஆண்டார். தனக்கென்று அல்-கதாயிஃ என்ற நகரத்தைக் கட்டினார், மருத்துவமனை கட்டினார், 879-இல் மசூதியை முடித்தார். 905-இல் அப்பாசியப் படை திரும்பி வந்து நகரத்தைத் தரைமட்டமாக்கியது. மசூதியை மட்டும் விட்டுவைத்தது. சுருண்டேறும் வெளிப்படிகளுடைய மினாராவோடு இன்றும் அது நிற்கிறது. கல் தூண்களுக்குப் பதில் செங்கல் தூண்களால் ஆன கட்டடம். பழைய தேவாலயங்களைப் பிரித்துத் தூண் எடுக்க வேண்டாம் என்பதற்காகக் கிறித்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார் என்று மரபுக் கதை உண்டு.

மொழியின் கண்ணால் பார்த்தால் இப்னு தூலூனின் காலம் எகிப்து வரலாற்றிலேயே கனமான காலங்களில் ஒன்று. 706-இல் ஆளுநர் அரசு ஏடுகளை அரபில் எழுத ஆணையிட்டார். அதிலிருந்து காப்டிக் மொழி அலுவலகத்தை இழந்தது, பின் சந்தையை இழந்தது, பின் வீட்டை. பத்தாம் நூற்றாண்டில் அஷ்முனைனின் ஆயர் ஸாவிரஸ் தம் சமயத்தவருக்கே அரபில் எழுத வேண்டியிருந்தது. ஃபாரோக்கள் காலத்திலிருந்து நைல் கரையில் பேசப்பட்ட மொழியின் கடைசி வடிவம் கோயில் வழிபாட்டுக்குள் ஒதுங்கியது. இப்னு தூலூன் வந்து இறங்கியது இந்த மாற்றத்தின் நடுவில். அவருக்கும் அரபு தாய்மொழி இல்லை, அவர் ஆண்ட விவசாயிகள் பலருக்கும் இல்லை. ஒரு துருக்கியும் ஒரு காப்டும் அரபில் பேசிக்கொள்ளும் நாட்டில் எகிப்திய அரபு உருவாகிக்கொண்டிருந்தது. எகிப்தியர் என்றால் அரபு பேசுபவர் என்று இன்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் காலத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது முந்நாவல் ‘அல்-ஹல்வானி’, இனிப்பு செய்பவர். நபி பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொம்மைகளும் இனிப்புகளும் செய்யும் எகிப்திய வழக்கத்தை ஃபாத்திமியர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. அதிலிருந்து வந்த தலைப்பு. 2024-இல் இலக்கியப் பிரிவில் ஷேக் ஸாயித் நூல் விருது இதற்குக் கிடைத்தது. இதன் மூன்று பாகங்களின் பெயர்களிலேயே ஆசிரியரின் எண்ணம் வெளிப்படையாக இருக்கிறது. ‘சிசிலியன்’, ‘ஆர்மேனியன்’, ‘குர்து’. முதலாமவர் 969-இல் வந்து கெய்ரோ நகரத்தை நிறுவிய தளபதி ஜவ்ஹர், அல்-அஸ்ஹர் மசூதியைக் கட்டியவரும் அவர்தான். இரண்டாமவர் பத்ருல் ஜமாலி. ஏழாண்டுப் பஞ்சத்தில் நகரம் செத்துக்கொண்டிருந்தபோது கலீஃபா முஸ்தன்ஸிர் அழைத்து, 1074-இல் தம் ஆர்மேனியப் படையோடு வந்தார். ஃபுதூஹ், நஸ்ர், ஸுவைலா என்ற மூன்று கல் வாயில்களை எழுப்பினார். இன்றைய கெய்ரோவாசி அவற்றின் வழியே காய்கறிப் பையோடு நடந்துபோகிறார். மூன்றாமவர் 1171-இல் ஃபாத்திமிய ஆட்சியை முடித்துவைத்த ஸலாஹுத்தீன்.

கெய்ரோவைக் கட்டியவர், காத்தவர், கைமாற்றியவர் மூவருமே வெளியூர்க்காரர்கள். அல்-அஸ்ஹரை ஷியாக்கள் கட்டினார்கள் என்பதையும், அது சுன்னி உலகின் முதன்மைக் கல்விக்கூடமாக மாறியது பிறகு என்பதையும் எகிப்தியர் அறிவார்கள், ஆனால் அதிகம் பேசுவதில்லை. சர்ச்சை எழுந்துவிடக்கூடிய இந்த இடத்தில் பஸ்யூனி குரலை உயர்த்தாமல் எழுதுகிறார். பதினொன்றாம் நூற்றாண்டின் மதச் சண்டையை இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்கு இழுத்துவராத நிதானம் இது. அரபு உலகில் இன்று இது எளிதாகக் கிடைப்பதில்லை, இதற்காகவே அவரைப் பாராட்டுவேன்.

ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1974-இல் கமால் அல்-கீதானி ‘ஸைனி பரகாத்’ நாவலை வெளியிட்டார். அதுவும் மம்லூக் காலம்தான், இப்னு இயாஸின் குறிப்புகளிலிருந்து எழுந்தது, அந்தப் பழைய நடையையே எடுத்துக்கொண்டது. ஒற்றர்களும் சிறைகளும் சித்திரவதையும் நிறைந்த நாவல். நாசர் காலத்து உளவு அரசைப் பற்றியது என்று எல்லா வாசகரும் புரிந்துகொண்டார்கள். அல்-கீதானிக்கு மம்லூக் காலம் ஓர் எச்சரிக்கை. பஸ்யூனிக்கு அது ஒரு வம்சாவளி. மம்லூக்குகள் கொடுங்கோலர், அந்நியர், கொள்ளையர் என்று பள்ளிக்கூடமும் சினிமாவும் சொல்லித்தந்த படத்தை மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினார். ஆனால் திருமணத்தின் வழியாக வெற்றியாளனை மனிதனாக்கும்போது, வரி கொடுத்தவன் பக்கத்திலிருந்து மறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இப்னு தூலூன் காப்டிக் போப் மூன்றாம் மிகாயேல் மீது விதித்த பெருந்தொகையைக் கட்டத் திருச்சபை தன் சொத்துகளை விற்க நேர்ந்தது. அழைத்தவர் கலீஃபாவாக இருந்தாலும், பத்ருல் ஜமாலி நகரத்தின் தளபதிகளை வெட்டித்தான் அமைதியைக் கொண்டுவந்தார். எழுந்த கட்டடங்கள் அழகானவை. அவற்றுக்குக் கல் சுமந்தவர்களின் பெயரைப் படிக்க எந்தக் கல்வெட்டும் இல்லை. அந்நியன் எகிப்தியனாவதை இவ்வளவு அன்போடு சொல்லும் ஓர் எழுத்தாளரிடம், எப்போதும் எகிப்தியனாகவே இருந்த நைல் கரை விவசாயியின் நெடுங்கதையையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு. படைத்தலைவர்கள் நாட்டை ஆளும் வழக்கம் பழைய காலத்தோடு முடிந்துவிடாத ஒரு நாட்டில் இந்த எதிர்பார்ப்புக்கு இன்னும் அவசரம் இருக்கிறது.

இந்தக் குறையோடும் அவர் செய்தது பெரிய வேலை. முதல் முந்நாவலுக்கு எகிப்தின் உயர் பண்பாட்டுக் கவுன்சில் நஜீப் மஹ்ஃபூஸ் பெயரிலான பரிசை அளித்தது. மஹ்ஃபூஸின் எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான ரோஜர் ஆலன் அதை மொழிபெயர்த்தார், மற்ற முந்நாவல்களையும் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டுகளில் ஆய்வுப் பணியும் நிற்கவில்லை. அரபுச் சமூக மொழியியல் பற்றி அவர் எழுதிய பாடநூலின் இரண்டாம் பதிப்பு 2020-இல் வந்தது, அரபும் அடையாளமும் பற்றிய ஒரு பெரிய கட்டுரைத் தொகுப்பைக் கீத் வால்டர்ஸுடன் சேர்ந்து பதிப்பித்தார். பேராசிரியர் ஓய்வு நேரத்தில் நாவல் எழுதுகிறார் என்று துறைக்காரர்கள் நினைப்பதும், நாவலாசிரியர் பிழைப்புக்காகக் கற்பிக்கிறார் என்று இலக்கியக்காரர்கள் நினைப்பதும் எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஸைதானை, அவத்தை, பஸ்யூனியை ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கு அப்படி நினைக்கத் தோன்றாது. மொழியின் வரலாற்றை ஆய்வு நூலாக எழுதினால் அல்-அஸ்ஹர் கேள்வி கேட்கும் நாட்டில், மம்லூக்கின் மகன் எந்த மொழியில் அழுதான் என்று நாவலில் எழுதலாம். எகிப்தில் நாவல் பல முறை பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்த பல்கலைக்கழகமாக இருந்திருக்கிறது.

அண்மைக்கால நாவல்களில் அவர் தம் பிறந்த ஊருக்கும் போனார். அலெக்சாந்திரியாவின் அபுல் அப்பாஸ் அல்-முர்ஸி மசூதியை இருபதாம் நூற்றாண்டில் புதிதாக வடிவமைத்தவர் மரியோ ரோஸி என்ற இத்தாலியர். அங்கே அடங்கியிருக்கும் ஞானி பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வந்தவர். இருவரையும் சேர்த்து ஒரு நாவல் எழுதினார். அதன் பிறகு வந்தது அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி பற்றிய ‘அல்-கவ்வாஸ்’, முத்துக்குளிப்பவர். இதில் எகிப்தியக் கட்டடம் எதுவும் நடுவில் இல்லை. கஸ்ஸாலி ஈரானின் தூஸ் நகரத்துக்காரர். பாக்தாத்தின் நிஸாமிய்யாக் கல்விக்கூடத்தில் உச்சத்தில் இருந்தபோது 1095-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறியவர். தம் பெரும் நூலான ‘இஹ்யா’வை அரபில் எழுதினார். அறிஞர்களுக்கான அந்த நூலின் சாரத்தை, அரபு அறியாத தம் ஊர் மக்கள் படிக்கப் பாரசீகத்தில் வேறொரு நூலாகத் தாமே எழுதித் தந்தார். யாருக்கு எந்த மொழியில் பேசுவது என்று தெளிவாகத் தெரிந்து இரண்டிலும் எழுதிய ஒரு சிந்தனையாளரிடம், வழக்கு மாறும் நொடிகளை எண்ணி ஆய்வைத் தொடங்கிய ஒரு மொழியியலர் வந்து சேர்ந்திருப்பது எனக்கு வியப்பாக இல்லை.